முன்வரிசை இருமல்

"கச்சேரி கேட்க வந்தா மட்டும் ஒரு மனுஷனுக்கு இருமல் வருமா? நீங்களே சொல்லுங்க!"

பல்கலைக்கழக இசைக் கல்லூரியின் அரங்கப் பொறுப்பாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கெல்லாம் கொட்டாவிதான் மேடம் வரும்," என்றார் வாசலில் டிக்கெட் கிழிப்பவர்.

"விளையாடாதீங்க. இந்த சீசன்ல இதுவரைக்கும் பதினோரு கச்சேரி. வெளியூர்லேர்ந்து பெரிய வித்வான் வந்தா அந்தத் தையல்காரர் பூனை மாதிரி அடங்கி உட்கார்ந்திருக்கார். நம்ம பசங்க மேடையேறினா போதும், லொக்கு லொக்குன்னு ஆரம்பிச்சுடறார். அதுவும் முன்வரிசையில உட்கார்ந்துக்கிட்டு! கொழுப்புதானே?"

"கொழுப்புக்கு இருமல் வராதே மேடம்..."

அவர் முறைத்த முறைப்பில் டிக்கெட்காரர் டிக்கெட் கட்டைப் பிரிக்கத் தொடங்கினார்.

இன்று கடைசிக் கச்சேரி. இதே கல்லூரியில் படித்து, இப்போது ஊர் ஊராகப் பறந்து வாசிக்கும் வயலின் வித்வான் வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் பத்து நிமிடம் வாசிக்கப்போவது, பொறுப்பாளரின் சொந்த மகள். முதல் மேடை.

காலையில் பாதிச் சாப்பாட்டில் எழுந்தபோதே மகள் சொல்லிவிட்டாள்.

"அம்மா, பயிற்சி அறையில தடுக்குற அதே இடத்துல மேடையிலயும் தடுக்கி நின்னுட்டேன்னு வை, இனி வயலினைத் தொடவே மாட்டேன்."

அம்மா அப்போதே முடிவு கட்டிவிட்டார். இன்றைக்கு ஓர் இருமல்கூட அரங்கத்துக்குள் நுழையக் கூடாது.

ஐந்தரை மணிக்குத் தையல்காரர் வந்தார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக்கூட எடுக்க மறந்திருந்தார். பொறுப்பாளர் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டினார்.

"அண்ணே, இன்னிக்கு உங்களுக்கு இடமில்லை."

"டிக்கெட் இருக்கேம்மா."

"கூடவே இருமலும் இருக்கே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வித்வான் வாசிக்கிறதைக் கேட்கலைன்னாலும் பரவாயில்லைம்மா. பாப்பா வாசிக்கிற பத்து நிமிஷம் மட்டும் உள்ள விடுங்க. முடிஞ்சதும் எழுந்து போயிடறேன்."

"அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் விடமாட்டேங்கிறேன்!"

தையல்காரர் போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆறு மணிக்கு மகள் மேடையேறி வில்லை எடுத்தாள். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தன் வயலினைத் துடைத்துக்கொண்டிருந்த வித்வான், உள்ளே வந்த பொறுப்பாளரிடம் கேட்டார்.

"தையல்காரர் வந்துட்டாராம்மா? முன்வரிசை, வலது ஓரம். அதுதான் அவர் இடம்."

"அவரை வெளியவே உட்கார வச்சுட்டேன் சார். இன்னிக்கு ஒரு இருமல் கேட்காது. நான் பொறுப்பு!"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? என் முதல் மேடையில பாதியில கை மரத்துப் போச்சு. அடுத்து என்னன்னே தெரியலை. அந்த நொடியே முன்வரிசையில ஒரு இருமல். மொத்த அரங்கமும் திரும்பி அவரை முறைச்சுது. முறைச்சு முடிக்கிறதுக்குள்ள நான் விட்ட இடத்தைப் பிடிச்சுட்டேன். நான் நின்னதே ஒருத்தருக்கும் தெரியலை."

"சார்...?"

"அவர் கடை நம்ம பயிற்சி அறை ஜன்னலுக்கு நேர் கீழ. நாள் பூரா மிஷினை மிதிச்சுக்கிட்டே கேட்கிறவர். எந்தப் பிள்ளை எந்த இடத்துல தடுக்கும்னு வாத்தியாரைவிட அவருக்கு நல்லாத் தெரியும். கடையில போய்ப் பாருங்க, ஒரு தடவை இரும மாட்டார்."

கடைசி வார்த்தையைக் கேட்கப் பொறுப்பாளர் அங்கே இல்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்.

வாசல் கதவைத் திறந்தால், கதவிடுக்கில் காதை வைத்தபடி நின்றிருந்தார் தையல்காரர்.

"அண்ணே! அவ தடுக்குற இடம் போயிடுச்சா?"

"இன்னும் வரலைம்மா. அடுத்த சுத்துல வரும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே!"

"பிள்ளைங்க எங்க தடுக்குதுன்னு நான் நாலு பேருக்குச் சொல்லலாமாம்மா?"

பொறுப்பாளர் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இருட்டில் நடந்தார். முன்வரிசை, வலது ஓரம். "வந்துட்டாருய்யா!" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். அவரை உட்கார வைத்துவிட்டு, பக்கத்தில் தரையிலேயே தானும் உட்கார்ந்தார் பொறுப்பாளர்.

மேடையில் வில் வேகம் எடுத்தது. மகளின் நெற்றியில் வியர்வை. தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக மூச்சை இழுத்தார்.

பொறுப்பாளர் சட்டென்று அவர் முழங்கையைப் பிடித்தார்.

"வேண்டாண்ணே, இன்னிக்கு நான் இருமிக்கிறேன். எந்த இடம்னு மட்டும் என் கையில ஒரு தட்டுத் தட்டிடுங்க."