பேர் மட்டும் வரும்

பங்குக் கோயிலின் இளையோர் குழுவுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஷெரின், கோபமாகப் போன் போட்டாள்.

“சோபியா அப்பாங்களா? நாலு நிகழ்ச்சிக்கும் ஒதவிக்கு வாரேன்னு வாட்ஸ்அப்புல மொத ஆளாப் பேர் குடுத்தீங்க. ஒரு தடவையாச்சும் வந்தீங்களா? அடுத்த லிஸ்ட்டுல ஒங்க பேர் இருக்காது.”

“பேர அடிச்சிராதீங்கம்மா. நான் குவைத்துல இருக்கேன்.”

“அப்புறம் எதுக்குங்க பேர் குடுக்குறீங்க?”

“ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் கோயில்ல லிஸ்ட்டப் படிப்பீங்கள்ல? எம்பேர் வந்தா, சோபியா ‘எங்கப்பா’ன்னு பக்கத்துல இருக்குற புள்ளையத் தட்டிச் சொல்லுவாளாம்.”

அடுத்த ஞாயிறு, கொடும்பாளூர் சுற்றுலாவுக்கான பட்டியலை ஷெரின் வாசித்தாள்.

“சமையலுக்கு ஞானமணி. வேனுக்கு சூசைமாணிக்கம். எல்லா வீட்டுக்கும் மொத நாள் சாயங்காலமே போன் போட்டு ஞாபகப்படுத்த, குவைத்திலிருந்து சோபியாவின் அப்பா, ஜோசப்.”