வாயில்லாப் பூச்சி

"ஏனுங்க, எதுத்த ஊட்டு வர்ஷினியப் பத்திக் கொஞ்சம் விசாரிக்கோணுங்க."

கேட்டுக்கு வெளியே ஒருவர் நின்றிருந்தார். கையில் நோட்டு. ராமாமணிக்கு உடனே புரிந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆள்! கல்யாண வயசுப் பெண்ணைப் பற்றி எதிர்வீட்டில் வந்து விசாரிக்க, வேறு யாருக்கு என்ன வந்தது?

"நீங்க எந்தூருங்க?"

"கொடுமுடிங்க. ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி அக்கம்பக்கம் கேட்டுக்கறது எங்க வழக்கமுங்க."

பிடிகொடுக்காமல் பேசுவதைப் பார்! ராமாமணி உஷாரானாள்.

"பொண்ணு ரொம்பக் கேள்வி கேக்குமாமே?"

எந்தப் பாவி வத்தி வைத்தது? போன மாசம் காங்கேயத்து எண்ணெய் மில் சம்பந்தம் இப்படித்தான் முறிந்தது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடமே, "ஆட்டுன புண்ணாக்குல எத்தனை சதவீதம் எண்ணெய் தங்கும்? ஏன் தங்குது?" என்று கேட்டுவைத்தாள் அந்த மகராசி. இதுவும் கைவிட்டுப் போனால் அவள் அம்மா பாப்பாயி தாங்க மாட்டாள். ராமாமணிக்கும் வர்ஷினி பெத்த பொண்ணு மாதிரிதான்.

"ஐயோ, யாருங்க சொன்னது? வாயில்லாப் பூச்சிங்க அது. கேட்டாத்தான் பதிலே வரும்."

அவர் முகம் மலரவில்லை. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது.

"மிஷினெல்லாம் கழட்டிப் பாக்குமுன்னாங்க?"

முந்தாநாள்தான் ராமாமணியின் மிக்சியைப் பிரித்துப் போட்டு, எதனால் கருகியது என்று கண்டுபிடித்து, மறுபடியும் ஓட வைத்திருந்தாள் வர்ஷினி.

"ஸ்க்ரூ டிரைவர் எப்படி இருக்கும்னே அதுக்குத் தெரியாதுங்க."

"டிப்ளமோ முடிச்சு ரெண்டு வேலைய விட்டிருக்கே, எதனாலங்க?"

அங்கே புதுசாகக் கத்துக்க ஒன்றுமில்லையாம்! அதையா இவரிடம் சொல்வது?

"ஊட்டு வேலைன்னா அதுக்கு உசுருங்க. சமைச்சுப்போட்டு, டிவி பாத்துட்டுக் கம்முனு கெடக்கும்."

அத்தனையும் எழுதிக்கொண்டவர் பெருமூச்சு விட்டார். ராமாமணிக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப எப்பங்க பூ வைக்க வாரீங்க?"

"பூவா?" அவர் விழித்தார். "நான் மோட்டார் லேப்ல இருந்து வாரேனுங்க. எரிஞ்ச மோட்டாரைக் கழட்டி, ஏன் எரிஞ்சுதுன்னு கண்டுபிடிக்கற வேலை. துருவித் துருவிக் கேக்கற ஆளுதான் வேணும். இன்டர்வியூல எங்களையே கேள்வி கேட்டுத் திணறடிச்சுதுங்க இந்தப் பொண்ணு. எப்பவுமே இப்படித்தானான்னு பாத்துட்டு, கையோட ஆர்டரைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நோட்டில் வர்ஷினியின் பெயரை அடித்துவிட்டுக் கைகூப்பினார்.

"அத்தனையும் நடிப்புன்னு நீங்க சொல்லித்தானுங்க தெரியுது. ரொம்ப நன்றிங்க, அம்மணி."