கன்னியம்மாவின் கிரைண்டர்

நதீமுக்குத் தோள்பட்டை கடுக்கிறது. விடிந்ததிலிருந்து வெந்த கொண்டைக்கடலைக்குத் தோல் உரிக்கிறார். பெய்ரூட்டிலும் துபாயிலும் இருபது வருடம் அடுத்தவன் அடுப்பில் வெந்த சமையல்காரர், இன்று மதியம் அடையாறில் சொந்தக் கடை திறக்கிறார். கடலை விழுதான ஹம்மூஸ் அரைக்கும் மிக்ஸி புகைந்து செத்துவிட்டது. பக்கத்துக் கடையில் இட்லி மாவு விற்கும் கன்னியம்மா தன் கிரைண்டரைத் தள்ளிவந்து கடலையை ஆட்டுகிறாள். "இன்னா நைனா, வேடிக்க பாத்துக்கினு கீற? ஐஸ் தண்ணி ஊத்து, சூடேறினா கெட்டுப்பூடும்." ஜன்னல் வெயிலில் கல் சுற்றுகிறது. வெண்ணெயாய் வழியும் விழுதை விரலால் தொட்டு நக்கி, "உப்பு பத்தல" என்கிறாள். "அக்கா, உங்க அரிசி?" என்று நதீம் தெரிந்த தமிழில் கேட்கிறார். "அது கெடக்கட்டும், மொதல்ல உன் கடைய தொற." நதீம் நன்றியோடு நெஞ்சில் கை வைத்துத் தலை குனிகிறார். பக்கத்துக் கடையில் அவள் ஊறப்போட்ட இரண்டு வாளி அரிசி அரைபடாமல் கிடக்கிறது. அதை அரைத்துக் கொடுக்க வேண்டிய கடன் நதீமுடையது.