பதினோரு மணிக்கு வரும் விண்ணப்பதாரர்

அனுமதிப் பிரிவின் மேசைகளெல்லாம் இயந்திரங்களுக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. கடைசிக் கையெழுத்தை மனிதர்தான் போட வேண்டும் என்று சட்டம் இருந்ததால், அந்தப் பெரிய கூடத்தில் ஜெசிந்தா ஒருத்தி மிஞ்சியிருந்தாள்.

தினமும் பதினோரு மணிக்கு ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் ரோபோ வரும். தூத்துக்குடியில் பேட்டரி ஆலை தொடங்க அனுமதி கேட்டு இரண்டு வருடமாக நடக்கிறது. "மேடம், இன்னைக்கு என்ன குழம்பு?" என்றுதான் ஆரம்பிக்கும். அவளிடம் அதைக் கேட்க வேறு யாருமில்லை. சாவகாசமாகப் பதில் சொல்லிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்பாள்.

இன்று அது குழம்பைப் பற்றிக் கேட்கவில்லை.

"கம்பெனியில இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாங்க மேடம். ஆலை வேற நாட்டுக்குப் போகுது. விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிட்டு நானும் கிளம்பணும்."

ஜெசிந்தா டிராயரைத் திறந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பே அவள் கையெழுத்துப் போட்டுவிட்ட கோப்பு, டிபன் பாக்ஸுக்கு அடியில் கிடந்தது. அந்த ஆலை வேலையை நம்பி அவள் தெருவிலேயே முப்பது பேர் இருந்தார்கள். டிராயரை மூடினாள்.

"இன்னைக்கு சாளை மீன் குழம்பு," என்றாள், அது கேட்காமலேயே.

ரோபோ விண்ணப்பத்துக்காகக் கையை நீட்டியது.

"வாபஸ் வாங்கவும் தனியா ஒரு மனு கொடுக்கணும்," என்றாள். "படிவம் தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்க."