ஆஸ்பத்திரிக் குரல்

"குழந்தை தூங்குதும்மா. கிராஃப்ல அசைவே வரல" என்றாள் நர்ஸ் தீபலட்சுமி.

கட்டிலில் படுத்திருந்த பிளஸ்ஸியின் நிறைமாத வயிற்றைச் சுற்றி இரண்டு பெல்ட். பக்கத்து மெஷினில் குழந்தையின் இதயம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஓடினால் மட்டும் போதாதாம். குழந்தை அசைய வேண்டும், அசையும்போது துடிப்பும் கொஞ்சம் ஏற வேண்டும்.

"டாக்டர் என்ன சொல்றாங்க சிஸ்டர்?" என்றாள் மாமியார் மெட்டில்டா. பக்கத்தில் நின்ற நர்ஸுக்கே அது சரியாகக் காதில் விழவில்லை.

மெட்டில்டாவுக்கு ஆஸ்பத்திரிக்கென்று ஒரு குரல் உண்டு. சர்ச்சுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதேதான். பூ விழுகிற மாதிரி இருக்கும். கோவிலம்பாக்கம் வீட்டில் இருக்கும் குரல் வேறு. அது தெருமுனை வரை போகும். கேட்டால், "நான் அதிர்ந்து பேசினதே கிடையாது" என்பாள். அதை அவள் மனதார நம்பவும் செய்தாள்.

"கொஞ்சம் நடக்கட்டும், ஜூஸ் குடுங்க. மறுபடி எடுப்போம். அப்பவும் இப்படியே இருந்தா அட்மிஷன். தேவைப்பட்டா இன்னிக்கே ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்ற நர்ஸ், பிளஸ்ஸியிடம் குனிந்தாள். "வீட்ல ஏதாவது சத்தம் கேட்டா குழந்தை நல்லா உதைக்குமா?"

பிளஸ்ஸி மாமியாரைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியல சிஸ்டர்."

மகன் ஜோஸ்வின் மறைமலை நகரில் ஷிஃப்டில் இருக்கிறான். 'கர்த்தாவே, என் பேரப்பிள்ளை ஒரு தடவை புரண்டு படுத்தால் போதும்' என்று ஜெபித்துக்கொண்டே மெட்டில்டா கேன்டீனுக்கு ஓடினாள்.

ஜூஸோடு திரும்பியபோது, வராந்தாவில் பிளஸ்ஸி யாரிடமோ கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த தனம் என்பவளின் புருஷன் குப்புராஜ் அது.

"முன்னே பின்னே தெரியாத ஆள்கிட்ட என்ன பேச்சு, பிளஸ்ஸிம்மா?" என்றாள் மெட்டில்டா பூக்குரலில். வீடாயிருந்தால் 'ஏ பிளஸ்ஸி'தான்.

மறுபடி பெல்ட் கட்டினார்கள். மெட்டில்டா மருமகளின் தலையைத் தடவியபடி மெல்லிசாக ஒரு ஞானப்பாட்டு பாடினாள். குழந்தை இன்னும் சுகமாகத் தூங்கியது.

அப்போதுதான் குப்புராஜ் போனை ஸ்பீக்கரில் போட்டான். "ஹலோ! இன்னாடா! இங்கதான் ஆஸ்பத்திரில குந்திகினு கீறேன்!"

"தம்பி... கொஞ்சம் மெதுவா பேசுங்களேன்."

"இன்னாம்மா, உன் வூடா இது?"

மெட்டில்டா பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் காலைத் தூக்கி அவளுடைய கூடைமேல் வைத்தான். அதையும் பொறுத்துக்கொண்டாள். அடுத்து கூடைக்குள் கையை விட்டு ஓர் ஆரஞ்சை எடுத்து நிதானமாக உரிக்க ஆரம்பித்தான்.

"ஏய்!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"அறிவிருக்கா உனக்கு? யார் வீட்டு ஆரஞ்சுடா அது? பிள்ளைத்தாச்சி படுத்திருக்கா, கூத்தா அடிக்கிறே? எடுடா காலை!"

"இன்னொரு பழம் கீதா உன்னாண்ட?" என்றான் அவன் அலுங்காமல்.

அவ்வளவுதான். தெருமுனை வரை போகும் குரல் முழுசாக வெளியே வந்தது. சத்தத்தை அடக்க ஓடிவந்த நர்ஸ், மெஷினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிளஸ்ஸியின் வயிறு ஒரு பக்கமாகத் துள்ளியது. துடிப்பு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

"அசையுதும்மா! சூப்பரா அசையுது!"

டாக்டரும் வந்து பார்த்து, ஆபரேஷன் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்றார். மெட்டில்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என் ஜெபம் வீண்போகல" என்றாள், பழையபடி பூக்குரலில்.

கிளம்பும்போது மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த ஆரஞ்சுகளைக் கொண்டுபோய்க் குப்புராஜிடம் நீட்டினாள்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. வீட்ல கூட நான் இப்படிக் கத்தினதே இல்ல."

குப்புராஜ் திருதிருவென்று விழித்தான்.

"இன்னாம்மா இப்டி சொல்ற? 'எங்க அத்தை கத்துனாத்தான் என் கொழந்தை எழுந்துக்கும். இங்க கத்தவே மாட்டேங்கிறாங்க, எப்படியாச்சும் கத்த வையுங்கண்ணா'ன்னு உன் மருமக அழுதுகினே கேட்டுச்சேம்மா!"

மெட்டில்டா திரும்பினாள். லிஃப்ட் பக்கத்தில் பிளஸ்ஸி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட முகத்தோடு நின்றாள்.

"ஏ பிளஸ்ஸி! எவ்வளவு நேரம்டி நிப்பே? உட்காருடி அந்த சேர்ல!"

ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. மெட்டில்டா சட்டை செய்யவில்லை. பேரப்பிள்ளைக்குக் கேட்க வேண்டுமே!