சிட்டிகை சிட்டிகையாய்

"மூடிடலாம். இந்த வாரத்தோட சரி."

முதலாளி போனில் சொன்னது அவ்வளவுதான். மேனேஜருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? ஓட்டலின் முதல் மாடியில், ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள ஒரு நார்டிக் நாட்டுச் சமையலையும் நம்ம சமையலையும் கலந்து ஒரு உணவகம். திறந்து ஏழு மாதம். அதில் ஐந்து மாதம் ஈ ஓட்டியாயிற்று. இப்போதுதான் பேர் பரவி, சனி ஞாயிறுகளில் மேஜை கிடைக்காமல் ஜனங்கள் காத்து நிற்கிறார்கள். இந்த நேரம் பார்த்தா மூடுவது?

"எனக்குக் காரணம் தெரியும் சார்," என்றார் தலைமை சப்ளையர். "மருமக அந்த ஊர்க்காரி. பையன் சொல்லாம கொள்ளாம கட்டிக்கிட்டு வந்துட்டான். பெரியவர் அந்தப் பொண்ணோட ஒரு வார்த்தை பேசி யாராவது பார்த்திருக்கோமா? பேரன் பொறந்து பதினஞ்சு நாள்கூட ஆகல. அதுக்குள்ள அவ ஊர்ச் சாப்பாட்டைத் தூக்கிக் கடாசுறார்னா என்ன அர்த்தம்?"

மேனேஜருக்கும் அப்படித்தான் பட்டது.

முதலாளி கொடுத்த குடைச்சலும் கொஞ்சநஞ்சமா? தினமும் மத்தியானம் 'ருசி பார்க்க' என்று அவர் வீட்டுக்கு ஒரு கேரியர் போயாக வேண்டும். மறுநாள் காலையில் துண்டுச் சீட்டு வந்துவிடும். 'மீன் வாடை ஆகாது. மீனை எடுத்துவிடு.' 'ரொட்டி இன்னும் மெத்தென்று வேண்டும்.' அப்புறம் வாரம் தவறாமல், 'நம்ம மசாலா இன்னும் ஒரு சிட்டிகை கூட.'

அந்த நாட்டிலிருந்து வந்த செஃப்புக்குக் கிச்சனில் பனிக்கரடி என்று பெயர். சீட்டைக் கண்டாலே உறுமுவார். "எங்க ஊர்ச் சமையலை உங்க முதலாளி தவணை முறையில கொலை பண்றார்!"

கேட்டுவிடுவது என்று மேனேஜர் நேரே முதலாளி வீட்டுக்குப் போனார்.

"ஐயா, ஓடுற கடையை யாராவது மூடுவாங்களா? மருமக மேல இருக்கிற கோபத்தை ஓட்டல் மேல காட்டினா எப்படி?"

வாய் தவறி வந்துவிட்டது. வேலை போச்சு என்றே நினைத்தார்.

முதலாளி கோபப்படவில்லை. உள்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"கோபமா? யோவ், வந்த புதுசுல அவ நம்ம சாப்பாட்டை வாயில வெச்சாலே குமட்டிக்கிட்டு ஓடுவா. வயித்துல புள்ளை வேற. துரும்பா இளைச்சுட்டா. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. என்னம்மா வேணும்னு எப்படிக் கேக்கிறது? அதான் அவ ஊர்லேர்ந்தே ஒரு சமையல்காரரைக் கூப்பிட்டேன். ஒருத்திக்குச் சமைக்க அவ்வளவு தூரத்திலிருந்து யார் வருவா? அதுக்குத்தான்யா கடை!"

"அப்போ அந்தச் சீட்டெல்லாம்?"

"திடீர்னு மாத்தினா ஒத்துக்காதில்ல? சிட்டிகை சிட்டிகையா ஏத்தினேன். போன மாசம் கேரியர்ல வந்தது முழுக்க நம்ம சாப்பாடு. அவ கண்டுபிடிக்கவே இல்ல. ஒரு பருக்கை மிச்சம் வெக்கல!" பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சிரித்தார் பெரியவர். "இனி வீட்டுச் சமையல் போதும். அந்தப் பனிக்கரடிக்கும் ஊர்ல பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு. பேரனைத் தூக்கினப்போதான் எனக்கு அது உறைச்சுது. அவரு போகட்டும். உங்க யாருக்கும் வேலை போகாது, கவலைப்படாதே."

மேனேஜர் ஒரு கும்பிடு போட்டார். எழுந்து வெளியே வந்தார்.

வாசலில் குழந்தையும் கையுமாக மருமகள் வழிமறித்தாள்.

"சார், கடையை மூட வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லுங்க."

நம்ம பாஷை! நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள், ஆனால் பிசிறில்லை.

"அத்தை சொல்லிக் கொடுத்தாங்க," என்றாள் அவர் முழிப்பதைப் பார்த்து.

"உங்களுக்குத்தான் இப்போ நம்ம சாப்பாடு பழகிடுச்சாமேம்மா? இனிமே கடை எதுக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கு எப்பவுமே பிடிக்கும் சார். குமட்டினது இவனாலதான். கடை திறந்த மறுவாரமே அது நின்னுபோச்சு. அன்னிலேர்ந்து எனக்கு ரெண்டு சாப்பாடு. முதல்ல சமையல்கட்டுல அத்தையோட திருட்டுத்தனமா. அப்புறம் மாமா கொண்டுவர்ற கேரியர்."

"அடடா! அப்பவே மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே? வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு, மறுபடியும் அதை ஏம்மா சாப்பிட்டீங்க?"

அவள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நான் சாப்பிடுறேனான்னு பார்க்கத்தானே சார், மாமா தினமும் ஒரு மணி நேரம் என் எதிர்ல உட்கார்ந்திருந்தார்!"