கொக்குச் சங்கம் இடம் பார்த்தது

ஜனவரி ஐந்தாம் தேதி காலை ஆறு மணிக்கு, நாற்பது கொக்குகள் கொண்ட சங்கத்தின் செயலாளர் தும்பை, ஆண்டுக் கூட்டத்துக்கு இடம் பார்க்கக் கிளம்பினாள். கூடவே பொருளாளர் நெட்டையனும் பறந்தான். இரண்டு ஆண்டுகளாக உறுப்பினர்கள் பாதிக் கூட்டத்தில் மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாம் முறையும் அப்படி நடந்தால் சங்கத்தைக் கலைத்துவிட வேண்டும் என்பது விதி.

முதலில் ஓர் ஓட்டலின் மொட்டை மாடி. நல்ல காற்று, மீன் கிடையாது.

“இங்கே வச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க அக்கா” என்றான் நெட்டையன்.

அடுத்தது ஒரு ரிசார்ட். அதன் குளம் நிறையக் கெண்டை மீன்.

“இங்கே வருவாங்க. உங்க பேச்சை யாரு கேப்பா?”

தும்பை குளத்தில் ஒற்றைக் காலில் நின்ற உள்ளூர்க் கொக்கைக் காட்டினாள்.

“அரை மணி நேரமா அவர் அசையலை, வாயைத் திறக்கலை. நம்ம ஆளுங்க என்னைக்காவது இப்படி இருந்திருக்காங்களா? கூட்டத்தைத் தண்ணிக்குள்ளேயே வச்சிடுவோம்.”

“ஓட்டெடுப்பு?”

“மீனைக் கொத்தக் குனியுறவங்க எல்லாம் சம்மதம்னு தலையாட்டினதா எழுதிக்கோ.”

நெட்டையன் சிரித்த சிரிப்பில் உள்ளூர்க் கொக்கின் மீன் தப்பி ஓடியது.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி ரிசார்ட் குளத்தில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் பதினோரு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின.